ஒரு துளியின் அளவு

ஜூஜுவாடியின் மார்கழிக் குளிரை அனுபவித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டு நிலம் இது. ஊரின் தலைமாட்டில் கர்நாடகத்து அத்திப்பள்ளி, கால்மாட்டில் ஒசூர். இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டிருக்கும். பஜ்ர் வேளையில் கதவைத் திறந்தால் முற்றத்துப் பனியோடு டீசல் வாடையும் சேர்ந்து உள்ளே நுழையும்.

சென்ற மார்கழியில் ஓரிரவு என் பேரக் குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டது. எட்டு மாதக் குழந்தை. மூச்சு வாங்கத் திணறி அழுதது. என் மருமகள் அலமாரியைத் திறந்து, கட்டைவிரல் உயரமுள்ள ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். யூக்கலிப்டஸ் தைலம். நாம் காலங்காலமாக நீலகிரித் தைலம் என்று வழங்கி வருவதுதான். கைக்குட்டையில் நாலைந்து சொட்டு விட்டுக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாள்.

"வேண்டாம்! அதைக் கீழே வை!"

என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாண்டுகளில் நான் ஒருமுறையேனும் உரத்துப் பேசியதில்லை. அவள் கை அப்படியே நின்றது, கண்கள் கலங்கின. "இயற்கையான எண்ணெய்தானே மாமா?" என்று மட்டும் கேட்டாள். குழந்தையின் அழுகைக்கிடையே என்னால் விடை கூற இயலவில்லை. அன்றிரவு நான் சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கே எழுத முற்படுகின்றேன். அதற்கு நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் பூர்வீகம் கரூர்ப் பக்கத்துப் பள்ளப்பட்டி. ஊர் ஊராகச் சென்று வாணிபம் செய்வது எங்கள் ஊராரின் பழக்கம். என் அத்தாவும் அவர்களில் ஒருவர். அவர் விற்றது அத்தர். பச்சை வெல்வெட்டுத் துணி விரித்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் கண்ணாடி மூடியிட்ட குப்பிகள் வரிசையாய் நிற்கும். குலாப், ஹினா, கஸ், மஜ்மூஆ என்று ஒவ்வொன்றின் பெயரையும் அவர் உச்சரிக்கும்போதே மணம் எழுவதுபோல் இருக்கும். முதல் மழைத்துளி பட்ட மண்ணின் வாசத்தை அடைத்து வைத்த 'மிட்டி அத்தர்' என்ற குப்பியை நான் திறந்து திறந்து முகர்வேன். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாயிலருகே பெட்டியை வைத்து அமர்வார். ஜும்ஆவுக்கு வருவோர் மணிக்கட்டை நீட்டுவார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு வைப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார். நறுமணத்தை யாரேனும் அன்போடு தந்தால் மறுக்கலாகாது என்பது நபிவழி. தருவதற்கும் கணக்குப் பார்க்கலாகாது என்பது அத்தாவின் வழி.

அந்த அத்தர்கள் எப்படி உருவாகின்றன என்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார். வட இந்தியாவின் கன்னோஜில் செப்புப் பானையில் மலர்களையும் நீரையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் மெல்லக் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, நீரில் அமிழ்த்திய மற்றொரு பாத்திரத்தில் குளிரும். அந்தப் பாத்திரத்தில் முன்னதாகவே சந்தன எண்ணெய் காத்திருக்கும். மலரின் உயிர் போன்ற மணத்தைச் சந்தனம் தன்னுள் வாங்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த வடித்தெடுக்கும் கலையில் நம்மவர்களின் பங்கு சிறிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருள்களை வடிப்பது குறித்தே ஒரு தனி நூல் இயற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளை அதில் வகுத்தளித்தார்.

சந்தன எண்ணெய் என்றால் எங்கள் பக்கத்துக்கு மைசூர்தான். சந்தனத்தை 1792-இல் அரச மரமென அறிவித்தவர் திப்பு சுல்தான். முதல் உலகப் போரால் சந்தனக் கட்டைகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப வழியற்றுப் போனபோது, மைசூர் சமஸ்தானம் 1916-இல் தானே எண்ணெய் வடிக்கும் ஆலையைத் தொடங்கியது. 1918-இல் அந்த எண்ணெயிலிருந்து சோப்பும் பிறந்தது. ஆனால் சந்தன மரத்தின் உள்வயிரம் நன்கு முதிர முப்பது ஆண்டுகளாகும். மரம் அருகியது, எண்ணெயின் விலை ஏறியது. சில வியாபாரிகள் சந்தனத்தின் இடத்தில் மெழுகெண்ணெயைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மண்ணெண்ணெய்க்கு உடன்பிறப்பான, பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் எண்ணெய் அது. நிறமில்லை, மணமில்லை, விலையும் சொற்பம்.

அத்தாவுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியும் அப்படியொரு நாள் மாறினார். அத்தா புறங்கையில் தொட்டுப் பார்த்தார். லுஹரில் தடவிய மணம் அஸருக்குள் போய்விட்டது. தோலில் வழவழப்பு மட்டும் எஞ்சியது. மறு வெள்ளியன்று வந்தவர்களிடம், "இது சந்தனத்தில் இறக்கியது அல்ல, மெழுகெண்ணெய் கலந்தது, அதற்குரிய விலை மட்டும் தாருங்கள்" என்று சொல்லிச் சொல்லி விற்றார். கேட்டவர்கள் அவரைப் பாராட்டிவிட்டு, அதே சரக்கைச் 'சுத்தச் சந்தனம்' என்று விற்ற அடுத்த பெட்டியில் வாங்கிச் சென்றார்கள். ஓராண்டில் வாணிபம் நொடித்தது. "மணிக்கட்டை நம்பி நீட்டுகிறானே, அது அமானிதம் தம்பி" என்பார் அத்தா. அந்த அமானிதத்தின் விலையாகத்தான், மேலே படிக்க வேண்டிய நான் 1984-இல் ஒசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்தேன்.

அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த காலம். ஜூஜுவாடியில் ஓர் ஓட்டு வீட்டின் அறையில் நாங்கள் நால்வர் வாடகைக்கு இருந்தோம். தெருவில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தமிழும் ஒரே குழாயடியில் கலந்து ஒலிக்கும். எனக்கு ஒரு தொழிற்கூடத்தில் லேத் இயந்திரத்தில் வேலை கிடைத்தது.

இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஒரு திரவத்தைப் பாய்ச்சுவார்கள். கூலன்ட் என்பது அதன் பெயர். எண்ணெயும் நீரும் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். எட்டு மணி நேரமும் கைகள் அதில் நனைந்துகொண்டே இருக்கும். சுழலும் இயந்திரம் துணியைப் பற்றினால் கையையே இழுத்துக்கொள்ளும். ஆதலால் கையுறையும் கூடாது. ஷிப்ட் முடிந்ததும் கரி போக வேண்டுமே என்று மண்ணெண்ணெயில் கைகளைக் கழுவி, மரத்தூளால் தேய்ப்போம். ஆறே மாதத்தில் என் கைகள் ஐம்பது வயதுக் கைகளாயின. தோல் சிவந்து, காய்ந்து, விரல் கணுக்களில் வெடித்தது.

ஒளுச் செய்யும்போது தண்ணீர் பட்டாலே எரியும். ரொட்டியைப் பிய்த்தால் உப்புப் பட்டு எரியும். இவற்றைப் பொறுத்துக்கொண்டேன். பெருநாள் தொழுகைக்குப் பின் முஸாபஹாச் செய்யக் கை நீட்டிய பெரியவர் ஒருவர் என் உள்ளங்கையைப் பார்த்துத் தயங்கினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று முதல் கைகளைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். அத்தர் தொட்டு வைத்தவரின் மகன், கை கொடுக்க அஞ்சி ஒதுங்கினேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குச் சென்றபோது ஒரு கடையில் என் கைகளைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு சிறு குப்பியைத் தந்தார். "சுத்தமான கிராம்புத் தைலம். ஒரு கலப்புமில்லை. அப்படியே தடவுங்கள், கிருமியெல்லாம் சாகும்" என்றார். சுத்தம், கலப்பில்லை என்ற சொற்கள் அத்தாவின் மகனாகிய எனக்குப் போதுமானவையாக இருந்தன. அன்றிரவே வெடிப்புகளில் தாராளமாகத் தடவினேன். நெருப்பில் கை வைத்ததுபோல் இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விடிகாலையில் இரண்டு கைகளும் கொப்புளித்திருந்தன. ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது நாள் கூலியும் இல்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வியப்பு. தைலம் உண்மையிலேயே சுத்தமானது. அதனாலேயே அது என் கைகளைச் சுட்டது.

செய்தி அறிந்து ஊரிலிருந்து என் அம்மா வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு பித்தளைத் தூக்கு. அதில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய். தோல் மருத்துவரிடமும் காட்டினோம். மண்ணெண்ணெயைத் தொடாதே; மென்மையான சோப்பில் கழுவி உடனே துடைத்துவிடு; இரவில் எண்ணெய்ப் பசையுள்ள எதையேனும் தடவு; வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம் என்று எழுதித் தந்தார். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார்கள். "இதைத்தானே உங்க அத்தா காலமெல்லாம் சொல்றாரு, அத்தர் உடுப்புக்கு, எண்ணெய் உடம்புக்குன்னு."

புண் ஆறிய பின் ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு அம்மா என் கைகளை மடியில் வைத்து, வெறும் தேங்காயெண்ணெயை இளஞ்சூட்டில் தடவுவார்கள். நாற்பது நாளில் வெடிப்புகள் மூடின. தழும்புகள் சில இன்றும் உள்ளன.

பிற்காலத்தில் ஓய்வு நேரங்களில் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தாவரங்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் எண்ணெய்கள் இரு வகை. எள், தேங்காய், ஆமணக்கு ஆகியவற்றை ஆட்டிப் பிழிவது ஒரு வகை. இது கொழுப்பு, விதை தன் குஞ்சுக்குக் கட்டி வைத்த சோறு. தோலின் மேல் நின்று, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கும். தலைமுடிக்கும் இதுவே துணை. தேங்காயெண்ணெய் முடித்தண்டினுள் ஊடுருவி, முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் மெழுகெண்ணெய்க்கும் அத்தன்மை இல்லையென்றும் 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டிற்று. எண்ணெய் புதிய முடியை முளைக்கச் செய்வதில்லை. இருக்கும் முடியை ஒடியாமல் காக்கிறது. நம் தாய்மார்கள் வெள்ளிதோறும் தலைக்கு எண்ணெய் வைத்ததற்கு அதுவே போதுமான நியாயம்.

மற்றொரு வகை, ஆவியில் வடிப்பது. இது கொழுப்பன்று, தாவரத்தின் வாசனையும் காரமும் திரண்ட சாரம். துணியில் விட்டால் பெரும்பாலும் கறையின்றிப் பறந்துவிடும். பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி தனக்கென வைத்திருக்கும் படைக்கலன்களில் இதுவும் ஒன்று என்று தாவர நூலார் கூறுவர். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ்கள் வேண்டும் என்றால், ஒரு துளிக்குள் எத்தனை மலர்கள் அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இங்கே ஒசூரைச் சுற்றிப் பசுமைக் குடில்களில் விளைந்து, பிப்ரவரி மாதத்தில் அயல்நாடுகளுக்குப் பறக்கும் ரோஜாக்கள் காண்பதற்கு அழகு. ஆனால் அத்தருக்கு உதவா. நெடுநாள் வாடாமல் இருப்பதற்காக வளர்க்கப்படும் அவற்றில் மணம் மிகக் குறைவு.

இச்சாரத்தைக் கொண்டு உடலையும் உள்ளத்தையும் பேணும் முறைக்கு 'அரோமாதெரபி' என்று பெயரிட்டவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலார் ரெனே மோரிஸ் காட்டபோஸே. 1910-இல் தம் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் கைகள் வெந்தபோது லாவண்டர் தைலத்தால் பயன் கண்ட அவர், 1937-இல் அப்பெயரிலேயே நூல் வெளியிட்டார். அவர் கைகளும் வெந்தன; என் கைகளும் வெந்தன. அவருக்குத் தைலம் மருந்தாயிற்று. எனக்கோ தைலமே தீயாயிற்று! மணம் மனத்தைத் தொடும் என்பதை நான் மறுக்கவில்லை. லாவண்டரின் மணம் பதற்றத்தைச் சிறிது தணிக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. அத்தாவின் மிட்டி அத்தரை முகர்ந்தால் இன்றும் என் நெஞ்சு குளிரும். ஆனால் மனத்தை ஆற்றுவது வேறு. நோயை ஆற்றுவது வேறு.

அளவுதான் இங்கே எல்லாமும். வடித்த தைலத்தைத் தோலில் இடுவதாயின், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ ஒரு சொட்டு போதும். அதையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த தைலத்தைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கக்கூடும். எந்தத் தைலத்தையும் தானாக உட்கொள்ளலாகாது. பெண்மக்கள் விரும்பும் மருதோன்றியிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். அரைத்த இலை செந்நிறந்தான் தரும். சில நிமிடங்களில் கன்னங்கரேலெனப் பற்றும் கூம்புகளில் தலைச்சாயத்துக்குரிய இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது கொப்புளத்தையும் நீங்காத ஒவ்வாமையையும் உண்டாக்கவல்லது.

இனி அந்த மார்கழி இரவுக்கு வருகின்றேன். யூக்கலிப்டஸ், கற்பூரம், புதினா உப்பு ஆகியவற்றின் ஆவி, பெரியவர்களின் மூக்கடைப்புக்கு இதமளிக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் மூக்கருகே அதே ஆவி மூச்சுக்குழலைச் சுருக்கி மூச்சையே அடைக்கக்கூடும். வயிற்றுக்குள் போனால் சிறு அளவே வலிப்பைக் கொண்டுவரும். உட்கொள்வதோடு மட்டுமன்றி, முகர்ந்ததாலும் பெரியவர்களுக்கே வலிப்பு வந்த நேர்வுகளை, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் தொகுத்து வெளியிட்டார்கள். அதைப் படித்திருந்ததால்தான் என் குரல் அன்று அப்படி உயர்ந்தது.

மறுநாள் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். உப்பு நீர்ச் சொட்டு மருந்து தந்தார், அடைப்பு விலகியது. வீடு திரும்பியதும் மருமகளை அழைத்து, என் கைகளை விரித்துக் காட்டி, மேற்கண்டவற்றையெல்லாம் சொன்னேன். எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் பெண் அவள், படித்தவள். நான் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. தானே தேடிப் படித்தாள். மாலையில் வந்து, "நீங்க சொன்னது சரிதான் மாமா. ஆனா நேத்தே சொல்லியிருக்கலாம்ல? இயற்கைன்னு போட்டிருந்தா நல்லதுன்னுதானே நினைச்சேன்" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் ஒரு காலத்தில் 'சுத்தம்' என்ற ஒரு சொல்லை நம்பியவன்தானே! அரளியும் இயற்கைதான், எட்டியும் இயற்கைதான். அந்தக் குப்பி சுத்தமானது என்று அதன் சீட்டு உண்மையே பேசியது. எவ்வளவு, யாருக்கு, எப்படி என்பதை மட்டும் பேசாதிருந்தது. என் அத்தாவோ பாதியை மறைத்த உண்மையை விற்கச் சம்மதிக்காமல் பெட்டியை மூடியவர். அவர் மகனாகிய நான், அறிந்ததை வீட்டாருக்குச் சொல்லாமல் நெஞ்சில் பூட்டி வைத்திருந்தேன். அமானிதம் என்பது விற்பவனுக்கு மட்டும் உரியதன்று. அறிந்தவனுக்கும் உரியது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

குப்பியை அவள் எறியவில்லை; எறியவும் வேண்டியதில்லை. குழந்தைக் கைக்கு எட்டாத மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கிறாள். பிறகு என் மனைவியிடம், "நன்னிமா காய்ச்சுன தலையெண்ணெய் எப்படி மாமி?" என்று கேட்டாள். கரிசலாங்கண்ணி, மருதோன்றி, சிறிது வெந்தயம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே போனாள். அளவு கேட்டபோது இருவருமே விழித்தோம். அம்மா எல்லாவற்றையும் உள்ளங்கையால் அளந்தவர்கள். அந்த உள்ளங்கை இப்போது இல்லை. இறைவன் அவர்களுக்கு மறுமையில் நற்பேறு அளிப்பானாக!

ஆகவே இம்முறை மருமகள் ஒரு தாளில் அளவுகளை எழுதிக்கொண்டே காய்ச்சினாள். முதல் தடவை சற்றுக் கருகிவிட்டது. இரண்டாம் தடவை தேறியது. எழுதிய தாள் அடுக்களைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் அடியில் அவளே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "அத்தர் உடுப்புக்கு, எண்ணெய் உடம்புக்கு."

அன்புச் சகோதரிகளே! உங்கள் இல்லங்களிலும் ஒரு மூதாட்டி உள்ளங்கையால் அளந்துகொண்டிருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் குப்பி எவ்வளவு சுத்தமானது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை சொட்டு, யாருக்கு என்றும் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைக் கோபத்தில் கத்தாமல், அமைதியான வேளையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி அறிவுரை, எனக்கு நானே சொல்லிக்கொள்வது.